லைசென்ஸுக்காகப் படித்த ஐந்து புத்தகங்கள்

மெதடிஸ்து சபைக்குப் பாட்டுகள் எழுதிய பெரிய பாட்டுக்காரர் ஒருவருடைய வாழ்க்கையைப் படிக்க வேண்டும், எந்தப் புத்தகத்தை எடுக்கலாம் என்று யாராவது என்னைக் கேட்டால் நான் ஒரு நொடியும் யோசிக்க மாட்டேன். ஐந்து புத்தகங்கள் சொல்வேன். எது முதலில், எது கடைசியில், எதில் எழுத்து பொடியாக இருந்து கண்ணைக் கெடுக்கும், எதில் எழுதியவர் தன் பெருமையைப் பேசியே பாதிப் புத்தகத்தை ஓட்டிவிட்டார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இதில் பீற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆசைப்பட்டு நான் அவற்றைத் தொடவில்லை. என் வீட்டுக்காரர் லைசென்ஸ் எடுப்பதற்காக ஒரு வருஷம் உட்கார்ந்து படித்தேன்.

லைசென்ஸ் என்றால் லாரி ஓட்டுகிற லைசென்ஸ் இல்லை. எங்கள் சபையில், போதகராக இல்லாத ஒருவர் தன் வேலைக்குப் போய்க்கொண்டே, சம்பளம் இல்லாமல் பிரசங்கம் செய்யலாம், அடக்க ஆராதனை நடத்தலாம். ஆனால் நினைத்தவரெல்லாம் எழுந்து நின்று பேசிவிட முடியாது. ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அதில் உள்ள புத்தகங்களைப் படித்துவிட்டு மூன்று பேர் முன்னால் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். தேறினால் ஒரு சீட்டு கிடைக்கும். அந்தச் சீட்டுக்குத்தான் லைசென்ஸ் என்று பெயர்.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரருக்குச் செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஸ்டோரில் வேலை. கயிறு, பெயின்ட், ஆணி, போல்ட் எல்லாவற்றுக்கும் இவர்தான் பொறுப்பு. தளத்துக் குவார்ட்டர்ஸில் ஓர் அறையும் ஒரு சமையலறையும் எங்களுக்கு. சபையோ சிராங்கூன் சாலையை ஒட்டிய சின்னத் தெருவில் இருந்தது. பஸ் மாறிப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். போதகர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எங்கள் பக்கம் வந்து ஆராதனை நடத்திவிட்டுப் போவார். நடுவில் யாருக்காவது ஏதாவது ஆனால் ஆள் கிடையாது.

எங்கள் மகளை அடக்கம் செய்த அன்று போதகர் மலாயாவுக்குப் போயிருந்தார். லைசென்ஸ் வைத்திருந்த ஒரு வயர்மேன் அரை நாள் லீவு போட்டுவிட்டு, வேலைச் சட்டையோடு பிடாடரி கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, குழிப் பக்கத்தில் நின்று பத்து நிமிஷம் பேசி ஜெபித்தார். எங்களுக்கு அவர் யார் என்றே தெரியாது. அவர் பேசியது ஒரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவர் வந்தார் என்பது இன்றைக்கும் எனக்குப் பெரிய விஷயம். என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள், "நான் லைசென்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன்" என்றார். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மகளைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை.

அவளுக்கு நாலு வயது. டைபாய்டு. பெரிய ஆஸ்பத்திரியில் எட்டு நாள் நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒன்பதாம் நாள் காலை என் வீட்டுக்காரர் வந்து, "நீ போய்க் குளிச்சுட்டு, பாப்பாவுக்கு மாத்துத்துணி எடுத்துட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றார். காய்ச்சல் இறங்கியிருந்தது. நான் போனேன். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். இதற்கு மேல் நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அப்போதும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தோம். அவர் ஸ்டோருக்குப் போனார், நான் அடுப்பைப் பற்றவைத்தேன். அப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

போதகர் தந்த பட்டியலில் இருந்த ஐந்தும் ஆங்கிலம். என் வீட்டுக்காரருக்குப் பெட்டி மேல் எழுதியிருக்கிற ஆங்கிலம் முழுக்கத் தெரியும். எந்தக் கயிறு எந்த அளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் நாலு வாக்கியம் சேர்ந்து வந்தால் திணறுவார். நான் மிஷன் பள்ளியில் சீனியர் வகுப்பு வரைக்கும் படித்தவள். அதனால் நான் படித்துத் தமிழில் சொல்வது, அவர் கேட்டு எழுதிக்கொள்வது என்று ஏற்பாடு. ஐந்து மணிச் சங்கு ஊதியதும் வந்துவிடுவார். குளித்து, காப்பி குடித்து, பள்ளிக்கூடப் பையன் மாதிரி கோடு போட்ட நோட்டை விரித்துக்கொண்டு வாசல் படியில் உட்காருவார். வெளிச்சம் போகிற வரை வாசிப்போம். அவர் நோட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஸ்டோர் கணக்குப் போல எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டிருப்பார். ஒன்று, பிறந்த ஊர். இரண்டு, தகப்பன் வேலை. மூன்று, படிப்பு.

புத்தகங்களைச் சேர்த்ததே ஒரு பாடு. முதலாவது, ஞாயிறு பள்ளி அலமாரியில் கிடந்த மெல்லிய புத்தகம். பிள்ளைகளுக்காக எழுதியது, பக்கத்துக்குப் பக்கம் படம். யார் கேட்டாலும் இதிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஊர், பேர், ஆள் எல்லாம் மனசில் உட்கார்ந்துவிடும். இரண்டாவது, போதகர் தன் சொந்த அலமாரியிலிருந்து பழுப்புக் காகித அட்டை போட்டு இரவல் கொடுத்த தடிப் புத்தகம், இரண்டு பாகம். எழுதியவர் ஒரு பாதிரியார். ஒரு வாக்கியம் தொடங்கினால் முடிவதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். ஆனால் விஷயமெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தவிர்க்க முடியாது, வெறுங்கையோடு அதற்குள் போகவும் கூடாது.

மூன்றாவது, பாட்டுக்காரர் எழுதிய டயரியிலிருந்து எடுத்துத் தொகுத்தது. அதை பிராஸ் பாசா சாலையில் பழைய புத்தகக் கடை கடையாக ஏறி இறங்கித் தேடினோம். பள்ளிப் பாடப் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது. கடைக்காரச் சீனர் அதைத் தட்டித் தூசி போக்கி, யாருக்கு லா இதெல்லாம் என்பது போல எங்களைப் பார்த்தார். நான்காவது, ஒவ்வொரு பாட்டும் எப்போது, எதனால் எழுதப்பட்டது என்று குறிப்புச் சொல்கிற புத்தகம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஐந்தாவது, அந்தக் கால சபைச் சரித்திரம். நூலகத்தில் எடுத்தோம். அதைக் கடைசியில் படித்தால் போதும், தூக்கம் வராதவர்கள் முதலிலும் படிக்கலாம்.

மெல்லிய புத்தகத்தை முடித்து, தடிப் புத்தகத்தின் முதல் பாகத்தையும் நன்றாகவே ஓட்டினோம். பாட்டுக்காரர் நடந்துகொண்டே பாட்டுக் கட்டுவாராம், தொப்பிக்குள் காகிதம் வைத்திருப்பாராம் என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர், "எங்க ஸ்டோர்ல தொப்பிக்குள்ள பீடிதான் வைப்பானுங்க" என்றார். அவர் கேலி பேசி நான் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. எனக்கு உள்ளே ஏதோ இளகியது. வாசிப்பு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் படியிலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டுக்காரரின் தயவில் எங்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் திரும்ப வந்தது.

இரண்டாம் பாகத்தில் பத்துப் பக்கம்கூடத் தாண்டவில்லை. பாட்டுக்காரருடைய பெண் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு பத்தி தொடங்கியது. அவர் வேறு ஊரில் பிரசங்கத்தில் இருக்கிறார். கடிதம் போய் அவர் வந்து சேர்வதற்குள் குழந்தையை அடக்கம் செய்துவிட்டார்கள். அடுத்த பக்கத்தில் இன்னொரு குழந்தை. அதற்கு அடுத்ததில் இன்னொன்று. என் கண் வரிகளில் முந்தி ஓடிவிட்டது, வாய் நின்றுவிட்டது. பேனாவைப் பிடித்தபடி அவர், "அப்புறம்?" என்றார்.

"அப்புறம் ஊர் மாறிப் போனார்" என்றேன். நாலு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பினேன்.

அவருக்காகத்தான் தாண்டினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதுதான் திரும்பக் கேலி பேச ஆரம்பித்திருக்கிற மனுஷன், அவர் மனசை ஏன் கிளற வேண்டும் என்று. அது பாதிதான் உண்மை. ஆங்கிலத்தில் அது யாரோ ஒருவருடைய வீட்டுச் செய்தி. நான் கண்ணால் பார்த்துக் கடந்துவிடலாம். தமிழில் சொல்ல வேண்டும் என்றால், குழந்தை செத்துப்போனது என்று என் வாயால், என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். என் மகளைப் பற்றியே நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. என்னால் ஆகவில்லை, அவ்வளவுதான்.

ஒருமுறை தாண்டிய பிறகு நிறுத்த முடியவில்லை. டயரியில் அதே நாளுக்கு மூன்றே வரி இருந்தது. மூன்றையும் விழுங்கினேன். நான்காவது புத்தகத்தில் விஷயம் இன்னும் மோசம். எங்கள் சபையில் தமிழில் அடிக்கடி பாடுகிற ஒரு பாட்டு, அந்தக் குழந்தை தவறிய வாரத்தில் எழுதியது என்று குறிப்பு இருந்தது. "இது எப்ப எழுதினது?" என்று அவர் கேட்டார். "பிரயாணத்துல எழுதினது" என்றேன். நம்பர் போட்டு எழுதிக்கொண்டார். முதலில் மறைத்தேன், இப்போது கூசாமல் பொய்யும் சொல்லிவிட்டேன். பரீட்சையில் பாட்டைப் பற்றியும் சபையைப் பற்றியும்தானே கேட்பார்கள், வீட்டு விஷயம் யாருக்கு வேண்டும் என்று மனசைச் சமாதானப்படுத்தினேன்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை மத்தியானம். சபைக் கட்டடத்தின் பக்கத்து அறையில் வைத்திருந்தார்கள். போதகர், மேலிடத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், சபை மூப்பர் ஒருவர், ஆக மூன்று பேர். நான் வெளியே ஜன்னலுக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேசுவது எல்லாம் காதில் விழுந்தது. என் வீட்டுக்காரர் கணீர் கணீரென்று பதில் சொன்னார். எந்த வருஷம், எந்த ஊர், யாரோடு சண்டை, யாரோடு சமாதானம், ஒன்றில்கூடத் தடுமாறவில்லை. "பிரமாதம்" என்று மூப்பர் சொன்னது கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது பெரியவர் கேட்டார்: "அவர் வீட்டில் அவருக்கு நேர்ந்த பெரிய துக்கம் என்ன? அது அவருடைய பாட்டுகளில் எப்படித் தெரிகிறது?"

என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "அவருக்கு வீட்டுல துக்கம் ஒன்னும் இல்லைங்க ஐயா. ஆண்டவர் அவர் குடும்பத்தைப் பத்திரமா காப்பாத்தினாரு."

 பெரியவர், "இந்தப் புத்தகங்களை நீங்கள் வாசித்தீர்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான் வாசிக்கலீங்க. எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. என் வீட்டுக்காரி வாசிச்சுச் சொன்னா. ஒரு வருஷம் கேட்டேன்."

"எல்லாவற்றையும் வாசித்தார்களா?"

"ஒரு வரி விடல ஐயா."

அதை அவர் சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஸ்டோரில் சாமான் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அதிகாரியிடம் சொல்வது போல அவ்வளவு உறுதியாகச் சொன்னார். போதகர் தர்மசங்கடப்பட்டு, "ஒருவேளை நீங்க அந்த இடத்துல கவனமா கேக்கலையோ என்னமோ" என்றார். "அப்படித்தான் இருக்கும் ஐயா. தப்பு என்னுதுதான்" என்றார் இவர். மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார்கள்.

பெஞ்சிலிருந்து அந்த அறைக் கதவு பத்தடிகூட இருக்காது. நான் எழுந்து போய், தப்பு அவருடையது இல்லை, என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற காரியங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

அவர் வெளியே வந்து, "வா, பஸ் போயிடும்" என்றார்.  சிராங்கூன் சாலையில் சனிக்கிழமைக் கூட்டம். பூக்கடை, மிளகாய் அரைக்கிற மில், சாமான் வாங்க வந்த எஸ்டேட் குடும்பங்கள். ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டு நடந்தோம். "டீ குடிக்கிறியா?" என்று ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றேன். பஸ் நீ சூன் கிராமத்தைத் தாண்டி ரப்பர் தோட்டப் பக்கம் போகும்போது என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"நான்தாங்க விட்டேன். எல்லாப் புத்தகத்துலயும் விட்டுட்டேன்."

"எதை?"

"பிள்ளை செத்துப்போன பக்கத்தை."

அவர் என்னைப் பார்க்கவில்லை. இறங்குகிற இடம் வரை ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து அவருக்கு லைசென்ஸ் கிடைத்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அது பெரிய கதை இல்லை. தளத்தில் எத்தனையோ அடக்கங்களுக்கு வேலைச் சட்டையோடு போய் நின்றார். நன்றாகப் பேசுவார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றி.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தடிப் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "படி" என்றார். நான் அந்தப் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, புத்தகமே அங்கேதான் திறந்தது. வாசித்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, தகப்பன் ஊரில் இல்லை, கடிதம் போய் அவர் வந்து சேரவில்லை, குழந்தை செத்துப்போனது. ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொன்னேன். குரல் உடைந்தபோது நிறுத்தினேன். அவர் காத்திருந்தார். திரும்பச் சொன்னேன். அடுத்த குழந்தை, அதற்கு அடுத்த குழந்தை. அன்று அவர் நோட்டை எடுக்கவில்லை.

முடித்ததும் வெகு நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நானும் உன்கிட்ட ஒன்னு சொல்லாம விட்டுட்டேன்" என்றார்.

நான் புத்தகத்தை மூடினேன்.

"அன்னைக்கு நீ திரும்பி வந்தப்ப, பாப்பா தூக்கத்துலயே போயிட்டான்னு சொன்னேன்ல. அவ தூங்கல. முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. அம்மா எங்கன்னு கேட்டா. உனக்குக் கவுன் எடுத்துட்டு வரப் போயிருக்காங்கன்னேன். எந்தக் கவுனுன்னு கேட்டா. எனக்கென்ன தெரியும், வாய்க்கு வந்தபடி மஞ்சள்னு சொன்னேன். மஞ்சள் வேணாம், கழுத்துல குத்துது, வெள்ளை எடுத்துட்டு வரச் சொல்லுன்னா. சரிம்மான்னேன். அவ்வளவுதான். அப்புறம் பேசல."

நான் அன்று பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனது மஞ்சள். கிறிஸ்மஸுக்கு ஆர்கண்டித் துணி வாங்கி என் கையாலேயே தைத்தது. விறைப்பான துணி. பார்க்க அழகாக இருக்கிறது என்று அதையே எடுத்தேன். அவளுக்குக் கடைசியாகப் போட்டுவிட்டதும் அதைத்தான். கழுத்துப் பொத்தானை நான்தான் மாட்டினேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே! மாத்தியிருப்பேனே!" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"வெள்ளை இங்க வீட்டுல இருந்துச்சு" என்றார். "உன்னை எப்படி இன்னொரு தரம் பஸ் ஏத்தி அனுப்பறது? அதைச் சொல்ல எனக்கு வாய் வரல."

அவர்மேல் எனக்கு வந்த கோபத்தில் அந்தப் புத்தகத்தையே தூக்கி எறிந்திருப்பேன், இரவல் புத்தகமாக இல்லாவிட்டால். மூன்று வருஷம். மூன்று வருஷமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போய் வந்திருக்கிறார். அழுது முடித்து மூக்கைத் துடைத்த பிறகுதான் இன்னொன்று மெல்ல உறைத்தது. அவள் என்னைக் கேட்டிருக்கிறாள். கேட்டாளா, தேடினாளா என்பது ஒன்றுதான் இத்தனை நாளும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதை யாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"எப்படிச் சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லிக் காட்டுங்க" என்றேன்.

அவருக்குக் கட்டைக் குரல். ஆராதனையில் பாடினால் முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலை மெல்லிசாக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, "மஞ்சள் வேணாம்ப்பா, குத்துது" என்றார். அவளேதான்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.